தறியின் அட்டையும் உடலின் அட்டையும்

திண்டுக்கல் நாகல் நகரில், சௌராஷ்டிர நெசவாளர் தெருவொன்றில் வளர்ந்தவன் நான். தறியின் மேலுள்ள ஜக்கார்டுப் பெட்டியில் துளையிட்ட அட்டைகள் கோவையாகத் தொங்கும். அட்டைகளின் வரிசை எதுவோ, அதுவே சேலையில் பூ விழும் வரிசை. ஓர் அட்டை இடம் மாறினாலும் பூ கெட்டுவிடும். பிற்காலத்தில் உயிர்நூல் கற்றபோது, பிராணிகளின் உடலும் ஏறக்குறைய இவ்வாறே உருவாகிறது என்றறிந்து வியந்தேன்.

கருவிலே எந்த உறுப்பு எங்கே அமையவேண்டும் என்று வகுப்பவை 'ஹாக்ஸ்' மரபணுக்கள். பல பிராணிகளில் அவை கொத்தாக, உடலின் முன்பக்கம் முதல் பின்பக்கம் வரையுள்ள வரிசையிலேயே அமைந்திருக்கின்றன. பழ ஈயில் இவ்வொழுங்கை 1978-இல் விளக்கிய அமெரிக்க அறிஞர் எட்வர்டு லூயிஸ், 1995-இல் நோபெல் பரிசு பெற்றார்.

முதுகெலும்புள்ளவற்றுக்கு நெருங்கிய உறவான ஆம்பியாக்சஸ் என்னும் சிறு கடற்பிராணியிடம் இக்கொத்து ஒன்றே உண்டென்பது 1994-இல் தெரியவந்தது. மனிதனிடமோ நான்கு கொத்துக்கள். அவற்றில் 39 மரபணுக்கள். ஒன்று எவ்வாறு நான்காயிற்று? அமெரிக்காவில் பணியாற்றிய சுசுமு ஓனோ 1970-இலேயே இதற்கு வழிகாட்டியிருந்தார். ஆதியில் மரபணுத் தொகுதி முழுவதுமே இரட்டித்தது. ஒரு பிரதி பழைய வேலையைக் காத்துநிற்க, மற்றது புதுவேலை ஏற்க விடுதலை பெற்றது என்றார் அவர். எங்கள் தெருவிலும் பழைய கோவையில் எவரும் கைவைக்கமாட்டார்கள். படியெடுத்த கோவையிலேதான் புதுப் பூவை முயன்று பார்ப்பார்கள்.

ஆகவே, கொத்துக்கள் மிகுந்த பிராணியே உயர்ந்தது என்று நான் எண்ணியிருந்தேன். ஆசிரியனான பின் மாணவர்களுக்கும் அவ்வாறே கற்பித்தேன். சிங்கப்பூரில் பைரப்பா வெங்கடேஷும் அவருடைய குழுவினரும் ஜப்பானிய லாம்ப்ரேயை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவு, அவ்வெண்ணத்தைத் தகர்த்துவிட்டது. லாம்ப்ரே, தாடையே இல்லாத, விலாங்கு போன்ற மீன். முதுகெலும்புள்ளவற்றின் மிகப் பழைய கிளைகளுள் ஒன்றைச் சேர்ந்தது. அதனிடம் குறைந்தது ஆறு கொத்துக்கள் இருக்கக் கண்டனர்! கடல் லாம்ப்ரேயிடமும் ஆறே உண்டென்று 2018-இல் வேறோர் ஆராய்ச்சி காட்டியது.

நேயர்களே, என் பிழையை வகுப்பிலேயே ஒப்புக்கொண்டேன். கோவைகள் எத்தனை என்பதால் மட்டும் துணியின் அழகு அமைவதில்லை. எந்த அட்டை எப்போது இயங்குகிறது என்பதும் முக்கியம். உடலுக்கும் அதுவே விதி. தன் வழியில் நெடுங்காலம் வாழ்ந்து நிலைத்த ஒரு பிராணியைக் 'கீழானது' என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.