பன்றி இடம் மாறியது, நாற்றம் மாறவில்லை

நம் ஊர்களில் பன்றி எந்தத் தெருவில் திரியும் என்று யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நகராட்சி வண்டி பன்றி பிடிக்க எங்கே நுழையும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பன்றி வளர்ப்பதால்தான் உங்களுக்கு இந்த இழிவு என்று நம்மிடம் சொல்கிறார்கள். சரி, பன்றி கோடிகள் புரளும் தொழிலாகிவிட்டால் இழிவு போய்விடுமா? இந்தக் கேள்வியோடு நாங்கள் படித்தது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து வரலாறு.

அந்த மாநிலத்தின் கிழக்குச் சமவெளி ஒரு காலத்தில் அடிமைகளின் உழைப்பில் பருத்தியும் புகையிலையும் விளைந்த நிலம். அடிமைமுறை ஒழிந்த பிறகும் கறுப்பின மக்கள் அங்கேயே வார விவசாயிகளாக, சிறு நிலக்காரர்களாக வாழ்ந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் நாலைந்து பன்றி இருக்கும். குளிர்காலத்தில் ஒன்றை அறுத்து, உப்பிட்டுப் புகைபோட்டு வைத்துக்கொள்வார்கள். மற்றதை விற்றால் கடன் அடையும். கறுப்பர், வெள்ளையர் இரு தரப்பும் இப்படி வளர்த்தார்கள். 1982இல் மாநிலத்தில் பன்றி வளர்த்த பண்ணைகள் 11,000க்கும் மேல். பன்றிகள் சுமார் 20 லட்சம்.

பதினைந்தே ஆண்டுகள். 1997இல் பண்ணைகள் 3,000க்கும் குறைவு, பன்றிகள் ஒரு கோடியை நெருங்கிவிட்டன.

இது தானாக நடக்கவில்லை. கோழிப் பண்ணையில் முன்பே இருந்த ஒப்பந்த முறையைப் பன்றிக்குக் கொண்டுவந்தார்கள். குட்டியும் தீவனமும் கம்பெனிக்குச் சொந்தம். கொட்டகையும் வங்கிக் கடனும் விவசாயிக்கு. மலமும் அவருக்கே! இதில் முன்னோடியான வெண்டெல் மர்ஃபி 1983 முதல் சுமார் பத்தாண்டுகள் சட்டமன்றத்திலும் இருந்தார். பண்ணைகள் எங்கே அமையலாம் என்று மாவட்ட நிர்வாகம் கட்டுப்படுத்த முடியாதபடி 1991இல் சட்டம் வந்தது. 1992இல் டார் ஹீல் என்ற சிற்றூரில் ஸ்மித்ஃபீல்டு நிறுவனம் இறைச்சிக்கூடம் திறந்தது. ஒரு நாளைக்கு 32,000 பன்றிகள் வரை அறுக்கும், உலகின் மிகப் பெரிய கூடமாக அது வளர்ந்தது. பண்ணைகள் அதைச் சுற்றி டூப்ளின், சாம்ப்சன் மாவட்டங்களில் குவிந்தன. டூப்ளினில் மனிதர்கள் ஒரு லட்சம்கூட இல்லை, பன்றிகள் சுமார் 20 லட்சம்.

இத்தனை பன்றிகளின் மலமும் மூத்திரமும் எங்கே போகும்? திறந்த குட்டைக்குள் விடுகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் லகூன், அதாவது காயல். (நாற்றத்துக்கு நல்ல பெயர் வைக்கும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல போலும்.) குட்டை நிறைந்தால் பெரிய குழாய்களால் வயலில் பீய்ச்சி அடிப்பார்கள். காற்று திரும்பினால் அந்தத் தூறல் பக்கத்து வீட்டுச் சுவரில், கொடியில் காயும் துணியில் விழும். 1995இல் ஒரு குட்டை உடைந்து 9 கோடி லிட்டருக்கும் அதிகமான கழிவு நியூ ஆற்றின் பக்கம் பாய்ந்தது. 1999இல் ஃபிளாய்டு புயல் வெள்ளத்தில் பல குட்டைகள் மூழ்கின.

டில்லரி என்ற ஊரை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1930களில் அரசு மறுகுடியேற்றத் திட்டத்தில் கறுப்பின விவசாயிகள் நிலம் பெற்ற ஊர் அது. பக்கத்து வாரன் மாவட்டத்தில்தான் 1982இல் நச்சு மண் ஏற்றிவந்த லாரிகளின் முன் மக்கள் சாலையில் படுத்தார்கள். சூழலியல் நீதி இயக்கம் தன் தொடக்கமாகக் கொண்டாடும் போராட்டம் அது. 1990களில் பன்றிப் பண்ணைகள் டில்லரியை நோக்கி வந்தபோது கேரி கிராண்ட் முதலானோர் ஊரைத் திரட்டினார்கள். கொள்ளைநோயியல் ஆய்வாளர் ஸ்டீவ் விங் அந்த மக்களோடு சேர்ந்து வரைபடத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். ஏழைகளும் வெள்ளையரல்லாதவரும் அதிகம் வாழும் இடங்களில்தான் பண்ணைகள் குவிந்திருந்தன. அவர் பங்கெடுத்த 2014 ஆய்வின்படி, பண்ணையிலிருந்து மூன்று மைலுக்குள் வாழும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு ஒன்றரை மடங்கு.

நிலம் மலிவாகக் கிடைத்த இடத்துக்குப் போனோம் என்பது தொழில் தரப்பின் வாதம். அந்த நிலம் ஏன் மலிவு, அங்கே ஏன் கறுப்பர்கள் என்பதற்கு இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பேசுவது வசதி.

பண்ணைகள் கோல்ஃப் மைதானங்களுக்குப் பெயர்பெற்ற மூர் மாவட்டத்தின் பக்கம் நகரப் பார்த்தபோது என்ன நடந்தது தெரியுமா? எதிர்ப்பு உடனே சட்டமன்றம் ஏறியது. 1997இல் புதிய குட்டைகளுக்குத் தடை வந்தது. 2007இல் அது நிரந்தரமானது. ஏற்கெனவே தோண்டிய குட்டைகளை யாரும் தொடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஐந்நூறு பேருக்கு மேல், பெரும்பாலும் கறுப்பினத்தவர், வழக்குத் தொடுத்தார்கள். 2018இல் முதல் தீர்ப்பில் பத்துப் பேருக்கு 5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது நடுவர் குழு. மாநிலச் சட்டத்தின் உச்சவரம்பு அதை 32.5 லட்சமாகச் சுருக்கியது. 2017லும் 2018லும் இப்படி வழக்குப் போடுவதையே கடினமாக்கும் சட்டங்களைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பொறுப்பை உறுதிசெய்த பிறகு சமரசம் ஏற்பட்டது.

ஸ்மித்ஃபீல்டு 2013இலேயே ஒரு சீன நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. இறைச்சியும் லாபமும் கடல் கடக்கின்றன. 3,000க்கும் மேற்பட்ட கழிவுக் குட்டைகள் மட்டும் கிழக்கு வட கரோலினாவிலேயே கிடக்கின்றன.