தட்டை ரொட்டியின் தொன்மை

மாவைத் தட்டிச் சுட்டு, மேலே துணைக்கறி வைத்துண்ணும் வழக்கம் ஒரு நாட்டிற்கே உரியதன்று. யோர்தானின் சுபைக்காவில் கிடைத்த 14,400 ஆண்டுத் தொன்மையுடைய ரொட்டித் துணுக்குகள், உழவு தோன்றுமுன்பே மனிதன் ரொட்டி சுட்டான் என உணர்த்துகின்றன. இத்தாலியில் ‘பிட்சா’ என்னும் சொல் கி.பி. 997ஆம் ஆண்டு ஆவணமொன்றிற் காணப்படுகிறது. பிற்காலத்தில் அது நேப்பிள்ஸ் நகர ஏழைகளின் உணவாயிற்று.

கொட்டகலைத் தோட்டங்களின் கோதுமை ரொட்டியோ காலத்தால் இளையது. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி, அங்கிருந்து இலங்கைக்கு அரிசி வருதல் நின்றது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. சோறுண்டு பழகிய தொழிலாளர் இல்லங்களிற் கோதுமை மா பெருகிற்று. கொழுந்து பறிக்கச் செல்வோர்க்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் எளிதிற் கொண்டுசெல்லத்தக்க உணவாயின.

இரண்டிற்கும் காலம் வேறு. ஆயினும் இரண்டையும் வளர்த்தவை உழைப்பும் வறுமையுமே. பிட்சாவைப் பெருமையுடன் உண்போர், தாய் சுட்ட ரொட்டிக்கு நாணுதல் தகாது.