திட்டினா மார்க் ஏறுமா? – கால்டனின் பட்டாணியும் என் பழைய நோட்டும்

போன வாரம் அக்கா பொண்ணு பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிட்டு வந்தா. "மாமா, கோரிலேஷன், ரெக்ரஷன் ரெண்டுக்கும் ஃபார்முலா மனப்பாடம். ஆனா ரெக்ரஷன்னா பின்னாடி போறதுன்னுதானே அர்த்தம்? இதுல எது பின்னாடி போகுது?"ன்னு கேட்டா.

நல்ல கேள்வி. நான் படிச்ச காலத்துல எனக்குத் தோணவே இல்லை. மார்க் வந்துச்சு, மறந்துட்டேன் :-) பதில் சொல்லணும்னா 1875-ல இருந்து ஆரம்பிக்கணும். கொஞ்சம் பொறுமையா வாங்க.

பிரான்சிஸ் கால்டன்னு ஒரு இங்கிலாந்துக்காரர். டார்வினுக்கு உறவுமுறை, ரெண்டு பேருக்கும் தாத்தா ஒருத்தர்தான். எதைப் பார்த்தாலும் அளந்தே ஆகணும்ங்கிற ரகம். 1875-ல ஸ்வீட் பீ செடியோட விதைகளை எடை வாரியாப் பிரிச்சு, பொட்டலம் கட்டி, ஏழு நண்பர்களுக்குக் கொடுத்தார். அதுல டார்வினும் ஒருத்தர். விதைச்சு, வளர்த்து, காய்ச்ச விதைகளைத் திருப்பிக் கொடுக்கணும். அளந்து பார்த்தா ஆச்சரியம். பெரிய விதைக்குப் பொறந்தது சராசரியை விடப் பெருசுதான், ஆனா தாயளவுக்கு இல்லை. சின்ன விதைக்குப் பொறந்தது சின்னதுதான், ஆனா தாயளவுக்குச் சின்னது இல்லை. எல்லாம் நடுவைப் பார்த்துத் திரும்புது.

அடுத்து மனுஷங்க. 205 தம்பதிகள், அவங்களோட வளர்ந்த பிள்ளைகள் 928 பேர். எல்லார் உயரத்தையும் சேகரிச்சார். பெண்களோட உயரத்தை 1.08-ஆல பெருக்கி ஆண் உயரத்துக்குச் சமமாக்கி, அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ஒரு நடு உயரம் எடுத்தார். 1886-ல வெளியான கட்டுரையில முடிவு இதுதான்: பெற்றோரோட நடு உயரம் சராசரியை விட 3 அங்குலம் கூடன்னா, பிள்ளைகள் சராசரியா 2 அங்குலம்தான் கூட. இந்தத் திரும்புதலுக்கு அவர் வச்ச பேர்தான் 'ரெக்ரஷன்'. பேரு ஒட்டிக்கிச்சு, கதை பாடப்புத்தகத்துல உதிர்ந்து போச்சு.

ஆனா அசல் விஷயம் இனிமேல்தான். அதே அட்டவணையைத் தலைகீழாவும் படிச்சார். 3 அங்குலம் கூட இருக்கிற பிள்ளைகளை எடுத்து, அவங்க பெற்றோரைப் பார்த்தா, அவங்க சராசரியை விட 1 அங்குலம்தான் கூட! பிள்ளையில இருந்து பெற்றோருக்குப் போனாலும் நடுவைப் பார்த்துத் திரும்புது. பிள்ளையோட உயரம் பெற்றோரை இழுக்க முடியுமா என்ன? அப்போ இது ஏதோ ஒரு சக்தி இழுக்கிறது இல்லை. ரெண்டு அளவுகளுக்கு நடுவுல உறவு இருக்கு, ஆனா முழுசா இல்லைன்னா, எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் இப்படித்தான் தெரியும்.

இதை ரொம்ப வருஷம் முன்னாடியே நான் தெரிஞ்சிருக்கணும்.

கல்லூரி முடிச்சு வேலை கிடைக்காம இருந்தப்போ வீட்டுத் திண்ணையில பத்தாம் வகுப்புக்கு ட்யூஷன் எடுத்தேன். அப்போ நான் ஒரு 'உண்மை' கண்டுபிடிச்சேன். நல்ல மார்க் வாங்கினவனைப் பாராட்டினா அடுத்த டெஸ்ட்ல இறங்குறான். மோசமா எழுதினவனைத் திட்டினா அடுத்த டெஸ்ட்ல ஏறுறான். பார்த்த கண்ணால பார்த்தேன். அதனால பாராட்டுறதை நிறுத்திட்டேன், திட்டுறதைக் கூட்டிட்டேன். ஒரு பையனை எல்லார் முன்னாடியும் கண்டபடி பேசினேன். அவன் அடுத்த நாள்ல இருந்து வரவே இல்லை.

கால்டன் கதையைப் படிச்சப்புறம் பரண்ல இருந்து அந்தப் பழைய மார்க் நோட்டைத் தேடி எடுத்தேன். ரெண்டாவது டெஸ்ட்ல முன்னணியில இருந்தவங்களை எடுத்து, முதல் டெஸ்ட்டுக்குப் பின்னோக்கிப் போனேன். அவங்க மார்க் அங்கே சராசரியா குறைவு. ரெண்டாவதுல கடைசியில இருந்தவங்களுக்கு முதல் டெஸ்ட்ல கூட. நான் திட்டினது காலத்துல பின்னாடி போயா வேலை செய்யும்? ஒரு டெஸ்ட் மார்க்குல பாதி படிப்பு, மீதி அன்னிக்கு வந்த கேள்வி, தலைவலி, அதிர்ஷ்டம். அந்த மீதி அடுத்த தடவை மாறிடும். அவ்வளவுதான். அந்தப் பையன் எங்கே இருக்கான்னு தெரியல.

கால்டன் 1888-ல 'ஒட்டுறவு'ங்கிறதை ஒரே எண்ணா அளக்கலாம்னு காட்டினார். முழங்கை நீளத்துக்கும் உயரத்துக்கும் 0.8 வந்துச்சு. இன்னிக்கு பசங்க மனப்பாடம் பண்ற ஃபார்முலா 1896-ல கார்ல் பியர்சன் கொடுத்தது. ஒண்ணு சொல்லியே ஆகணும். 'யூஜெனிக்ஸ்'ங்கிற வார்த்தையை 1883-ல உருவாக்கினதும் இதே கால்டன்தான். மனுஷங்களையும் விதை மாதிரி பொறுக்கி எடுக்கலாம்ங்கிற அந்த நினைப்பு பின்னாடி எத்தனை பேரைப் பலி வாங்குச்சுன்னு நமக்குத் தெரியும். கணக்கை எடுத்துக்கலாம், ஆளைக் கும்பிட வேண்டாம்.

எண் மட்டும் போதாதுன்னு காட்டினவங்களும் உண்டு. 1926-ல உட்னி யூல் ஒரு கணக்கு போட்டார். 1866-ல இருந்து 1911 வரை இங்கிலாந்து-வேல்ஸ்ல சர்ச் ஆஃப் இங்கிலாந்து முறையில நடந்த கல்யாணங்களோட விகிதம், இறப்பு விகிதம், ரெண்டுக்கும் ஒட்டுறவு 0.95! சர்ச்ல கல்யாணம் பண்ணா சாவு வருமா? ரெண்டுமே வருஷா வருஷம் குறைஞ்சுட்டு வந்துச்சு, அவ்வளவுதான். 1973-ல ஆன்ஸ்கோம்ப் நாலு அட்டவணை கொடுத்தார், ஒவ்வொண்ணுலயும் 11 புள்ளிகள். நாலுக்கும் அதே சராசரி, அதே கோடு, அதே 0.816. படம் போட்டா ஒண்ணு சிதறின கோடு, ஒண்ணு வளைவு, ஒண்ணுல ஒரே ஒரு புள்ளி மட்டும் தள்ளி நிக்குது, இன்னொண்ணுல ஒத்தைப் புள்ளிதான் மொத்தக் கோட்டையும் தாங்குது.

அதனால அக்கா பொண்ணுகிட்ட ஃபார்முலாவை மூடி வைக்கச் சொன்னேன். அவ வகுப்புல இருபது பேரோட முழங்கையையும் உயரத்தையும் அளந்துட்டு வரச் சொன்னேன். முதல்ல கிராஃப் தாள்ல புள்ளி வைக்கணும். அப்புறம் ஸ்கேல் வச்சு கண் மதிப்புல ஒரு கோடு. அப்புறம் 'ஏன் இந்தப் புள்ளி மட்டும் தள்ளி இருக்கு?'ன்னு ஒரு கேள்வி. ஃபார்முலா கடைசியில. நேத்து அளந்துட்டு வந்துட்டா. ஒரு புள்ளி ரொம்பத் தள்ளி இருந்துச்சு. பார்த்தா அளவு நாடாவைத் தலைகீழாப் பிடிச்சிருக்காங்க :-)

திட்டல.

பி.கு: வாத்தியார் வேலை பார்க்கிற மக்கள் யாராவது இருந்தா, உங்க மார்க் நோட்டையும் ஒரு தடவை பின்னோக்கிப் படிச்சுப் பாருங்க. என்ன வந்துச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.