வெறுங்கையுடன் வந்த ஆசிரியர்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டுப் பெயர்கின்றவர்கள் கையில் எடுத்துச் செல்லும் மூட்டை சிறியது. அதில் அடங்காதவை சில உண்டு: மொழி, வழிபாடு, உணவு, கலை. இவற்றுள் எதை அயல்மண்ணில் அவ்வண்ணமே காப்பது, எதை அம்மண்ணுக்கேற்ப மாற்றிக்கொள்வது? நம்மைப் போன்ற சங்கங்களில் ஓயாது எழும் வினா இது. இவ்வினாவை வாழ்நாள் முழுதும் சுமந்த ஓர் ஆசிரியரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

நம் குடியிருப்புச் சிறுவர் சிலர் வெள்ளுடை அணிந்து, இடையில் வண்ணக் கச்சை கட்டிக் கராத்தே பயிலச் செல்வதைக் காண்கின்றோம். அதனை ஜப்பானியர் கலை என்றே பலரும் கருதுகின்றோம். உண்மையில் அது ஜப்பானின் பெருநிலத்துக்கே குடிபெயர்ந்து வந்த கலை. அதனைக் கொண்டுவந்தவருள் முதன்மையானவர் ஃபுனகோஷி கிச்சின் என்னும் பள்ளி ஆசிரியர்.

குடுமியும் குருவும்

ஜப்பானின் தெற்கே கடலில் கிடக்கும் ரியூக்யூத் தீவுகளுள் பெரியது ஓகினாவா. சீனத்தோடும் ஜப்பானோடும் உறவு பூண்ட தனி அரசு அங்கே இருந்தது. 1879-இல் ஜப்பான் அவ்வரசை நீக்கித் தன் ஆட்சிப் பகுதிகளுள் ஒன்றாக்கிக்கொண்டது. அதன் தலைநகராயிருந்த ஷூரியில் 1868-இல் ஃபுனகோஷி பிறந்தார். குறைமாதப் பிள்ளை, நெடுநாள் வாழான் என்று சுற்றத்தார் அஞ்சினர். பள்ளித் தோழன் ஒருவனின் தந்தையான அசாதோ அங்கோ என்பாரிடம் அவர் கைப்போர் கற்கலானார். பின்னர் இதோசு அங்கோ என்பாரிடமும் கற்றார்.

அந்நாளில் இக்கலை மறைவில் பயிலப்பட்டது. இரவில் மங்கிய விளக்கை ஏந்தி ஆசிரியர் இல்லம் செல்வார். முற்றத்தில் ஒரே நிலைவரிசையைத் திங்கள் கணக்காகத் திரும்பத் திரும்பச் செய்வார். வைகறையில் வீடு திரும்புவார். அண்டை வீட்டார் இந்த இரவுப் பயணத்துக்கு வேறு பொருள் கற்பித்ததும் உண்டு. நோஞ்சான் பிள்ளை திடமுற்றான்.

மருத்துவம் கற்க அவர் விரும்பினார். ஆயின் குடுமி வைத்தவர்க்கு அக்கல்லூரியில் இடமில்லை. பழமை போற்றிய குடும்பமோ குடுமியைக் களைய இசையவில்லை. மருத்துவக் கனவு கலைந்தது. 1888-இல் ஆசிரியப் பணி ஏற்றபோது குடுமியைத் துறந்தே தீர வேண்டியதாயிற்று. மகனைக் கண்ட தந்தை சினந்தார். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்வாசல் வழியே தம் பிறந்தகம் சென்றுவிட்டார். குடுமி களைந்த மகனைக் கண்டு கலங்கிய தாயரை நம் குடும்ப வரலாறுகளும் அறியும்.

ஐம்பத்து மூன்றாம் வயதில்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் பள்ளியில் பணிபுரிந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதோசுவின் முயற்சியால் இக்கலை ஓகினாவாப் பள்ளிகளில் பாடமாயிற்று. மறைவில் இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. 1922-இல் டோக்கியோவில் நடந்த உடற்பயிற்சிக் கண்காட்சியில் இதனைச் செய்துகாட்ட ஃபுனகோஷி சென்றார். ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ தம் கோடோகான் பயிற்சிக் கூடத்துக்கு அவரை அழைத்துப் பெருமை செய்தார். சில நாள் தங்கப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 53.

கையில் பொருள் இல்லை. ஓகினாவா மாணவர் தங்கும் விடுதி ஒன்றில் சிறு அறை கிடைத்தது. பகலில் அறைகளைப் பெருக்கினார், தோட்டத்தைப் பேணினார், வாயிலைக் காத்தார். சமையற்காரருக்குக் கராத்தே கற்றுக்கொடுத்து உணவுக் கட்டணத்தில் குறைவு பெற்றார். ஒருநாள் செய்தியாளர் ஒருவர் வந்து, தோட்டம் பெருக்கிக்கொண்டிருந்தவரை வேலையாள் என எண்ணி, ஃபுனகோஷி எங்கே என வினவினார். சற்றுப் பொறுக்குமாறு கூறி உள்ளே விரைந்த முதியவர், முறையான உடை அணிந்து மீண்டும் வந்து, அவரே தாம் என அறிமுகம் செய்துகொண்டார். இதனைப் பிற்காலத்தில் அவரே நகைச்சுவையோடு எழுதியுள்ளார்.

1923-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் டோக்கியோவைப் பெருநிலநடுக்கம் அழித்தது. அவருடைய முதல் நூலின் அச்சுத் தகடுகள் அழிந்தன; மாணவர் சிலரும் மாண்டனர். எஞ்சியவரைத் திரட்டி அவர் மறுபடியும் தொடங்கினார். 1924-இல் கேயோ பல்கலைக்கழகத்தில் கராத்தேக் கழகம் தோன்றியது. பிற பல்கலைக்கழகங்களும் தொடர்ந்தன.

மாற்றியதும் மாற்றாததும்

பெருநிலத்து மக்கள் ஏற்கும்வண்ணம் அவர் பலவற்றை மாற்றினார். கானோவின் ஜூடோவிலிருந்து வெள்ளுடையையும் கச்சைத் தரங்களையும் எடுத்துக்கொண்டார். சீன ஒலியும் ஓகினாவா ஒலியும் கொண்ட பயிற்சிப் பெயர்களுக்கு ஜப்பானியப் பெயர் சூட்டினார். கலையின் பெயரையே வேறு எழுத்தால் எழுதினார். ‘கர’ என்பது சீனத்தைக் குறிக்கும் எழுத்தாயிருந்தது. அதே ஒலியுடைய ‘வெறுமை’ என்னும் எழுத்தை அவ்விடத்தில் அமைத்தார். சீனக்கை வெறுங்கையாயிற்று. ஓகினாவாவில் எதிர்ப்பு எழுந்தது. எனினும் 1936-இல் அங்குள்ள ஆசிரியர்களும் கூடி இதனை ஏற்றனர். உள்ளத்தின் வெறுமையே உயர்ந்தது என்று ஃபுனகோஷி தத்துவ விளக்கம் தந்தார். அது மெய்யே. ஆனால் ஜப்பான் சீனத்தின்மீது பகைமை வளர்த்த காலம் அது என்பதையும் நாம் மறத்தலாகாது. கடன்பட்ட இடத்தின் பெயர் அவ்வகையில் அழிக்கப்பட்டது.

மாற்றாதது ஒன்று உண்டு. கராத்தேயில் முதல் அடி இல்லை என்பது அவர் கொள்கை. வெற்றி தோல்வி காணும் போட்டியை அவர் விரும்பவில்லை. மாணவர் விரும்பியபோதும் அவர் வளைந்து கொடுக்கவில்லை.

தீவில் இருந்தவர்

இத்துணைச் சிறப்புக்கும் விலை கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவர் ஃபுனகோஷியின் மனைவியார். கணவர் ஆசிரியராயிருந்த வறுமைக் காலத்தில் துணி நெய்தும் காய்கறி பயிரிட்டும் பெரிய குடும்பத்தைத் தாங்கியவர். டோக்கியோவுக்கு வருமாறு அழைத்தபோது, முன்னோர் கல்லறைகளை விட்டு வர அவர் ஒருப்படவில்லை. கணவர் நகரில், மனைவி தீவில். ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

1945-இல் போர் எல்லாவற்றையும் எரித்தது. மாணவர் எழுப்பித் தந்த ஷோதோகான் என்னும் பயிற்சிக்கூடம் வான்தாக்குதலில் அழிந்தது. கலையில் தமக்கு வலக்கையாயிருந்த மகன் நோயால் இறந்தார். ஓகினாவாப் போரில் அத்தீவு மக்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஷூரிக் கோட்டை தரைமட்டமாயிற்று. தப்பிய மனைவியார் கியூஷூ தீவில் அடைக்கலம் புகுந்தார். முதிய கணவர் அங்கே சென்று அவரோடு சேர்ந்தார். பல்லாண்டுப் பிரிவின் பின் அமைந்த அவ்வாழ்வு நீடிக்கவில்லை. 1947-இல் அம்மையார் மறைந்தார். அவருடைய சாம்பலைச் சுமந்து ஃபுனகோஷி டோக்கியோ திரும்பினார். வழியிலுள்ள இரயில் நிலையங்களில் பழைய மாணவர் காத்திருந்து ஆறுதல் கூறினர். 1957-இல் அவரும் மறைந்தார்.

நம் சிந்தனைக்கு

அவர் விதைத்தது காடாயிற்று. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெற்றது. நிலைவரிசைப் பிரிவில் ஆடவர் தங்கம் வென்ற கியூனா ரியோ ஓகினாவா மண்ணின் மைந்தர். ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் ஓகினாவர்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓகினாவாப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய சிறுவன் கழுத்தில் தண்டனைப் பலகை தொங்கவிட்டனர். அப்பலகையை ஏற்ற பிள்ளைகள் வளர்ந்து, தம் மக்களிடம் ஜப்பானிய மொழியே பேசினர். 2009-இல் யுனெஸ்கோ ஓகினாவா மொழியை அழியும் நிலையிலுள்ள மொழிகளுள் ஒன்றாக அறிவித்தது. கலை உலகை வென்றது. அக்கலையை முதன்முதல் கற்பித்த மொழி வீட்டிலேயே தோற்றது.

காரணம் தெளிவு. கலைக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். ஐம்பத்து மூன்று வயதிலும் தோட்டம் பெருக்கிக்கொண்டு அதைக் கற்பித்தார். மொழிக்கு வீடே பள்ளி. தாய் தந்தையரே ஆசிரியர். அவ்வாசிரியர் வாய் மூடினால் வேறு பள்ளி அதற்கில்லை. நம் கழுத்தில் யாரும் பலகை தொங்கவிடவில்லை. ஆண்டுவிழா மேடையில் நம் பிள்ளைகள் மனப்பாடமாய்த் தமிழ் ஒப்பிப்பதைக் கேட்டு மகிழ்கின்றோம்; மகிழத்தக்கதே. விழா முடிந்து வீடு திரும்பும் வழியில் அப்பிள்ளைகளோடு நாம் எம்மொழியில் பேசுகின்றோம் என்பதை அவரவரே எண்ணிப் பார்ப்போமாக.