சுளகிலிருந்து கணிப்பொறிக்கு

செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசும்போதெல்லாம், உலகம் இதுவரை காணாத ஒன்று திடீரென நம் வாசலில் வந்து நிற்பதைப் போலவே நாம் பேசி வருகிறோம். ஆயினும் தென்காசி, குற்றாலம் வட்டாரத்து மக்களுக்கு இயந்திரம் புதிய விருந்தாளி அன்று. “இந்த வேலையை இனி இயந்திரம் செய்யும்” என்ற செய்தியைக் கடந்த ஒன்றரை நூற்றாண்டுக்குள் அவர்கள் மூன்று முறை கேட்டிருக்கிறார்கள். அம்மூன்று வேளைகளிலும் நிகழ்ந்தவற்றைத் திரும்பிப் பார்ப்பது, நான்காம் முறை அதே செய்தி வரும்போது நாம் எதற்கு அஞ்ச வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கும்.

அருவி சுழற்றிய ஆலை

முதலில் வந்தது நூற்பாலை. குற்றாலத்துக்கு அருவி தரும் அதே மலைத்தொடரில், சற்றுத் தெற்கே பாபநாசத்தில், தாமிரபரணியின் நீர்விசையைக் கொண்டு 1880களில் ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை நிறுவினர். இங்கிலாந்திலிருந்து இறங்கிய ஆலை நூல் ஏற்கெனவே நம் பெண்களின் இராட்டினங்களை ஓயச் செய்திருந்தது. இப்போது நம் மலையடிவாரத்திலேயே ஆலைச் சங்கு ஊதத் தொடங்கிற்று. இராட்டினம் சுற்றிய கைகளுக்கு எவரும் ஈடு தரவில்லை. கடையநல்லூர், புளியங்குடி நெசவாளர் ஆலை நூலை வாங்கித் தறியைக் காத்துக்கொண்டனர்; ஆனால் நூலுக்கும் விற்பனைக்கும் வணிகரை நம்பி வாழும் நிலை உருவாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் பல இஸ்லாமியக் குடும்பத்தினர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினர். அதற்குரிய காரணங்களுள் நெசவின் நலிவும் ஒன்று.

பாபநாசத்தில் ஆலை எழுந்து சில ஆண்டுகளே கழிந்த நிலையில், 1891ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ) ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். இயந்திரத்தை நிறுத்துங்கள் என்று அம்மடல் கூறவில்லை. குடும்பத்தைக் காக்கும் கூலியையும், சங்கம் அமைக்கும் உரிமையையும் தொழிலாளருக்கு உரியனவாக அது வலியுறுத்திற்று.

தறிக்குப் போட்ட வேலி

அடுத்து வந்தது விசைத்தறி. சங்கரன்கோவிலின் தெருக்களில் இன்றும் அதன் ஓசையைக் கேட்கலாம். இம்முறை அரசு வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 1985இல் இயற்றப்பட்டது. குறிப்பிட்ட 22 வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்று அதன்கீழ் ஆணையிடப்பட்டது. பின்னாளில் அந்த எண்ணிக்கை 11ஆகக் குறைந்தது. நாடெங்கும் சட்டத்தின் காவல் தளர்ந்த இடங்களில் விசைத்தறித் துணி கைத்தறியின் பெயரிலேயே கடைகளுக்கு வந்தது. வேலி போட்டால் மட்டும் போதாது, காவலும் வேண்டும் என்பது இங்கு நாம் கற்கும் பாடம்.

சுளகில் எழுதப்பட்ட உரிமை

மூன்றாவது கதை பீடியின் கதை. ஆலங்குளம், கடையம், தென்காசி ஊர்களின் திண்ணைகளில், மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைக் காணாதவர் நம்முள் இல்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலி. இலை வடநாட்டுக் காடுகளிலிருந்து வருவது. இருமலும் முதுகுவலியும் அத்தொழிலோடு வருபவை. புகைப்போரையும் சுற்றுவோரையும் ஒருங்கே வாட்டும் இத்தொழிலைப் போற்றிப் பாட நாம் முன்வரவில்லை. எனினும் இதன் வரலாறு நமக்கு வேண்டியிருக்கிறது.

பீடி சுற்றும் இயந்திரமும் நெடுங்காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. அப்படியிருந்தும் சுளகுகள் ஓயவில்லை. கையால் சுற்றிய பீடிக்குக் குறைந்த தீர்வை, இயந்திரத்தால் சுற்றியதற்குக் கூடுதல் தீர்வை என அரசு பிரித்து வைத்தது, தொழிற்சங்கங்களும் விழிப்பாயிருந்தன. 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1976இல் நலநிதிச் சட்டம் வந்தது. வீட்டிலிருந்து சுற்றும் பெண்ணும் வருங்கால வைப்புநிதிக்குரிய தொழிலாளியே என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நலநிதியிலிருந்து பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை கிடைத்தது. தாயின் சுளகு மகளின் பாடநூலாயிற்று. நலநிதிக்கெனப் பீடியின் மீது திரட்டிய தீர்வை, சரக்கு மற்றும் சேவை வரி வந்த 2017இல் நீக்கப்பட்டது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெற்ற உரிமை தானே நிலைத்து நிற்பதில்லை.

மத்தளம்பாறையின் புது வேலை

இப்போது நான்காவது இயந்திரத்துக்கு வருவோம். 2011இல் ஜோகோ நிறுவனம் குற்றால மலைச்சாரலை ஒட்டிய மத்தளம்பாறையில் தன் அலுவலகத்தைத் திறந்தது. கல்லூரிப் பட்டம் இல்லாதவரையும் உதவித்தொகை தந்து பயிற்றும் பள்ளியை 2005இலேயே தொடங்கியிருந்த நிறுவனம் அது. கணிப்பொறி வேலைக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் தீரவேண்டும் என்ற எண்ணத்தை மத்தளம்பாறை அசைத்தது. வயலுக்கும் மலைக்கும் நடுவே அமர்ந்து உலகெங்கும் விற்கும் மென்பொருளை எழுதலாம் என்று நம் பிள்ளைகள் கண்டனர்.

அங்கு உருவானவற்றுள் குறிப்பிடத்தக்கது ‘ஜோகோ டெஸ்க்’. வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளுக்கும் முறையீடுகளுக்கும் நிறுவனங்கள் மறுமொழி கூற உதவும் மென்பொருள் இது. பின்னர் ‘சியா’ என்ற செயற்கை நுண்ணறிவும் இதனுடன் சேர்ந்தது. 2025 ஜூலையில் அந்நிறுவனம் தன் சொந்த மொழி மாதிரியையும் அறிவித்தது. வாடிக்கையாளருக்கு மறுமொழி எழுதுவதும், எளிய நிரல்களை எழுதுவதும், படிவங்களைச் சரிபார்ப்பதும் நம் இளைஞர் முதன்முதலாகக் காலூன்றும் வேலைகள். இயந்திரம் முதலில் கற்றுக்கொள்வதும் அவற்றைத்தான். அதே 2025 ஜூலையில் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் சுமார் 12,000 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவே அதற்குக் காரணம் என்று அந்நிறுவனம் கூறவில்லை. ஆயினும் பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்த பெற்றோரின் உறக்கம் கலைந்தது.

இங்கே ஒரு பெரிய வேறுபாட்டை நாம் உணர வேண்டும். நூற்பாலையும் விசைத்தறியும் வெளியிலிருந்து நம்மை நாடி வந்தவை. இம்முறையோ இயந்திரம் நம் ஊரிலிருந்தும் புறப்படுகிறது. தென்காசியில் ஒருவர் எழுதும் நிரல், மணிலாவில் தொலைபேசிக்கு மறுமொழி சொல்லும் ஒரு பெண்ணின் வேலையை எளிதாக்கலாம், இல்லாமலும் ஆக்கலாம். அன்று இராட்டினம் ஓய்ந்தபோது யாரோ ஒருவர் நம் பாட்டியரைப் பற்றிச் சிந்தித்திருக்க வேண்டும் என்று நாம் இன்று வருந்துகிறோம். அதே சிந்தனை இப்போது நம்மிடம் எதிர்பார்க்கப்படுகிறது.

உழைப்பவரே உழைப்பினும் பெரியவர்

வேலை மனிதருக்காகவே, மனிதர் வேலைக்காக அல்லர் என்னும் கருத்தைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் (ஜான் பால்) 1981இல் தம் உழைப்பு பற்றிய மடலில் விளக்கினார். 2025 மே மாதம் தேர்வு பெற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ, தாம் அப்பெயரைத் தேர்ந்ததற்குப் பதின்மூன்றாம் லியோவின் மடலையே முதன்மைக் காரணமாகக் கூறி, செயற்கை நுண்ணறிவை மற்றுமொரு தொழிற்புரட்சியாகக் காட்டினார். பாபநாசத்து ஆலைக் காலத்தின் கேள்வி மத்தளம்பாறைக் காலத்திலும் உயிரோடிருக்கிறது.

மூன்று முறை இயந்திரம் வந்தது. மூன்று முறையும் விளைவு வேறாயிருந்தது. எவரும் கேள்வி கேட்காத இடத்தில் இழப்பு முழுவதும் ஏழையின் தலையில் விழுந்தது. சட்டம் இருந்தும் காவல் இல்லாத இடத்தில் பயன் பாதியாயிற்று. சங்கமும் சட்டமும் நீதிமன்றமும் சேர்ந்து நின்ற இடத்தில், திண்ணையில் அமர்ந்த பெண்ணுக்கும் தொழிலாளி என்ற பெயர் கிடைத்தது. ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. இயந்திரத்தால் மிச்சமாகும் நேரத்திலும் பணத்திலும் உழைத்தவருக்குப் பங்கு உண்டா? வேலை போகுமுன்னே புதிய பயிற்சி தரப்படுமா? இயந்திரத்தின் முடிவால் ஒருவர் பாதிக்கப்பட்டால் அதற்குப் பொறுப்பேற்று முன்னிற்கும் மனிதர் யார்?

இக்கேள்விகளைத் தொழிலதிபரிடமும் அரசிடமும் மட்டுமன்றி, கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகளிடமும் நாம் கேட்க வேண்டும். அவர்களை அவ்விருக்கைக்கு உயர்த்தியது சுளகு பிடித்த கைகள். ஒரு நிரலை எழுதி முடிக்கும்போது, அது யாருடைய சுமையை இறக்குகிறது, யாருடைய சுளகைப் பறிக்கிறது என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை நாம் அவர்களுக்குத் தந்தாக வேண்டும்.