பூப்பறிக்கப் போனவள்

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவர் உலாவுக்கு முன், மயிலாப்பூர்த் தெப்பக்குளக் கரையில் பூம்பாவை உயிர்பெறும் நிகழ்ச்சி நடக்கும். எல்லோரும் சம்பந்தரைப் பார்க்க, நான் அந்தப் பெண்ணைப் பார்ப்பேன்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன கதை இது. வணிகர் சிவநேசர் தம் மகளைச் சம்பந்தருக்கென்று சொல்லிவைத்திருந்தார். அவள் ஏழு வயதில் நந்தவனத்தில் பூப்பறிக்கையில் பாம்பு தீண்டி இறக்கிறாள். சாம்பலையும் எலும்பையும் குடத்தில் இட்டுக் காக்கிறார் தந்தை. சம்பந்தர் பாட, பன்னிரண்டு வயதுப் பெண்ணாக எழுகிறாள். இனி மகள் முறை என்று அவர் மணக்க மறுக்கிறார். வேறெவருக்கும் தரமாட்டேன் என்று தந்தை அவளைக் கன்னிமாடத்தில் வைக்கிறார். “அவகிட்ட யாருமே கேட்கலையா மேடம்?” என்றாள் என் மாணவி ஒருத்தி.

ஐந்து நூற்றாண்டுகளுக்கு முந்தைய சம்பந்தரின் மயிலைப் பதிகத்திலோ திருமணப் பேச்சே இல்லை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, தைப்பூசம், மாசிக் கடலாட்டு என்று ஊர் விழாக்களை வரிசையாகச் சொல்லி, இவற்றைக் காணாமலா போகிறாய் என்று அவளிடமே கேட்கிறது. விளக்கீட்டையும் தைப்பூசத்தையும் அதில் கொண்டாடுகிறவர்கள் பெண்கள். அவளை அழைக்க மாப்பிள்ளை தேவைப்படவில்லை. மயிலைத் தெருக்கள் போதுமாக இருந்தன.

கன்னிமாடத்துக்குப் போனபின் அவள் எந்த விழாவைக் கண்டாள்? சிவனடி சேர்ந்தாள் என்று மட்டும் கதை முடிகிறது.