ஈரலைத் தவிர்த்துச் செல்லும் குருதி: ஆபர்நெதி எனும் அரிய பிறவிக் குறைபாடு

நாம் உண்ணும் உணவு சமிபாடடைந்த பின் அதன் சத்துகள் நேராக இதயத்துக்குச் செல்வதில்லை. இரைப்பை, குடல், மண்ணீரல், சதையி ஆகியவற்றிலிருந்து வரும் குருதியை ஈரல் வாயினாளம் என்ற பெரிய குழாய் முதலில் ஈரலுக்குக் கொண்டுசெல்கிறது. ஈரல் பெறும் குருதியில் ஏறத்தாழ 75 சதவீதம் இவ்வழியாகவே வருகிறது. குடலில் உருவாகும் அமோனியா போன்ற நச்சுப் பொருட்களை ஈரல் அகற்றுகிறது. அதன் பின்னரே குருதி இதயத்தை அடைகிறது.

மிக அரிதாகச் சில குழந்தைகளில் இந்த வழி பிறவியிலேயே மாறிவிடுகிறது. வாயினாளத்தின் குருதி ஈரலைத் தவிர்த்து, கீழ்ப்பெருநாளத்துடன் நேரடியாகக் கலக்கிறது. லண்டனைச் சேர்ந்த சத்திரசிகிச்சை வைத்தியர் ஜோன் ஆபர்நெதி 1793இல், இறந்த 10 மாதப் பெண் குழந்தை ஒன்றின் உடலில் இதைக் கண்டு பதிவு செய்தார். அவர் பெயராலேயே இக்குறைபாடு இன்றும் அழைக்கப்படுகிறது.

1994இல் மோர்கன், சுப்பரீனா ஆகிய வைத்தியர்கள் இதை இரு வகைகளாகப் பிரித்தனர். முதல் வகையில் வாயினாளக் குருதி ஈரலுக்குள் செல்வதே இல்லை. இரண்டாம் வகையில் ஒரு பகுதி ஈரலுக்குச் செல்ல, மீதி விலகிப் போகிறது.

வடிகட்டப்படாத அமோனியா மூளையைப் பாதிக்கும். பிள்ளை பகலில் தூங்கி வழியலாம், கவனம் சிதறலாம், படிப்பில் பின்தங்கலாம், நடத்தை மாறலாம். இத்தகைய பிள்ளையைச் சோம்பேறி என்றோ, மனப் பாதிப்பு என்றோ எண்ணிவிடும் ஆபத்து உண்டு. சிலருக்கு நுரையீரல் பாதிக்கப்பட்டு மூச்சுத் திணறலும், உதடு, நகங்களில் நீல நிறமும் தோன்றும். ஈரலில் கட்டிகள் உருவாகலாம். அவற்றுட் சில புற்றுநோயாகவும் மாறக்கூடும். இதயக் குறைபாடுகளும் சேர்ந்திருப்பதுண்டு. வேறு சிலருக்கோ எந்த அறிகுறியும் இன்றி, வேறொரு காரணத்துக்காகச் செய்யும் ஸ்கானிலேயே தெரியவருகிறது.

வழமையான ஈரல் பரிசோதனை முடிவுகள் இயல்பாகவே இருக்கலாம் என்பதைப் பெற்றோர் கவனத்தில் கொள்ள வேண்டும். குருதியில் அமோனியா அளவைப் பார்ப்பதும், டொப்ளர் ஸ்கானும் முக்கியமானவை. குழாய்களின் அமைப்பை சீ.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கான் தெளிவாகக் காட்டும்.

இரண்டாம் வகையில், தவறான இணைப்பைச் சத்திரசிகிச்சை மூலமோ, குழாய் வழியே அடைப்பான் வைத்தோ மூடலாம். மூடிய பின் குருதி மீண்டும் ஈரலுக்குள் பாயத் தொடங்கும். முதல் வகை எனக் கருதப்பட்ட சிலரிலும், இணைப்பைத் தற்காலிகமாக அடைத்துப் பார்க்கையில் ஈரலுக்குள் மெல்லிய கிளைகள் தென்படுகின்றன. அவர்களுக்கும் இம்முறை பயன்படலாம். மற்றவர்களுக்கு, பாதிப்புக் கடுமையானால் ஈரல் மாற்று சிகிச்சை தேவைப்படும். அதுவரை அமோனியாவைக் குறைக்க லக்ருலோஸ் போன்ற மருந்துகள் வழங்கப்படுகின்றன.

வாயினாளம் கருவின் 4ஆம் வாரத்துக்கும் 10ஆம் வாரத்துக்கும் இடையில் உருவாகிறது. கர்ப்பிணித் தாய் உண்ட உணவாலோ, செய்த வேலையாலோ இக்குறைபாடு வருவதாக அறியப்படவில்லை. ஆகவே தாயைக் குறைகூறுவதில் பயனில்லை. காரணம் தெரியாத தூக்கமும் குழப்பமும் மூச்சுத் திணறலும் ஒரு பிள்ளையில் தொடர்ந்தால், குழந்தைநல வைத்திய நிபுணரிடம் காட்டி, அமோனியா பரிசோதனை தேவையா எனக் கேளுங்கள். நேரத்தோடு கண்டறிந்தால் பெரும் பாதிப்புகள் பலவற்றைத் தடுக்கலாம்.